கைப்பை வைத்த நாற்காலி

எங்கள் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் வியாழக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குப் படம் போடுவோம். டிக்கெட் கிடையாது. வாசலில் இருக்கிற நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அந்த நோட்டுகளை ஒன்பது வருடத்துக்குப் புரட்டினால் ஒரு வாரம்கூட விடாமல் வருவது ஒரே ஒரு கையெழுத்துத்தான். படம் போடும் ஆப்பரேட்டர் அண்ணனின் மனைவியுடையது அது. சினிமாவைப் பாடமாக நடத்துகிற பேராசிரியர்கள்கூட அத்தனை படம் பார்த்ததில்லை. "இவங்கதான் எங்க முதல் ரசிகை" என்று நானே விருந்தினர்களிடம் அவரை அறிமுகப்படுத்தியிருக்கிறேன். அவரும் மறுக்காமல் லேசாகச் சிரித்துவைப்பார். என்னைப் போல ஒரு மக்கு அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

விஷயம் இதுதான். அண்ணனுக்குக் காது கேட்காது. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம். வெளிச்சத்தில் நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் தெரியாது. இது வெளியே தெரிந்தால் ஆப்பரேட்டர் அறையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அது வீண் பயமும் இல்லை. கண் மங்கிப்போன பல்கலைக்கழக டிரைவர் ஒருவரைப் பிடித்து, உடைந்த மேசை நாற்காலிகளைப் போட்டுவைக்கிற கிடங்கில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் பகல் முழுக்கத் தூங்கிவிட்டுச் சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போவார். "அந்த மாதிரி ஒரு நாள்கூட என்னால இருக்க முடியாது" என்று அண்ணன் வீட்டில் சொல்லியிருக்கிறார். ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒன்பது வருடம் காதும் காதும் வைத்தாற்போல் இதை மறைத்துவிட்டார்கள். போட்டு உடைத்தது நான்.

நான் அங்கே அலுவலக உதவியாளர். கடிதம் தட்டச்சு செய்வது, நிகழ்ச்சித் தாள் அச்சடிப்பது, ஓவியங்களுக்குக் கீழே ஒட்டும் பெயர்ச் சீட்டுகளை வெட்டுவது, வந்தவர்களிடம் "தொடாதீங்க" என்று சொல்வது எல்லாம் என் வேலை. கடைசி வேலையைத் தேவைக்கு மேலேயே செய்வேன் என்று எனக்குப் பெயர். வாய் கொஞ்சம் நீளம். "நீ பேசி முடிச்ச பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறே" என்று வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னதற்கு இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். இப்போது சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

அண்ணன் பத்தொன்பது வயதில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தவர். ஆப்பரேட்டர் லீவு போடுகிற நாட்களில் மாடியேறிப் படச்சுருள் மாட்டப் பழகி, மூன்று வருடத்தில் தானே ஆப்பரேட்டர் ஆகிவிட்டார். குளியலறை அளவுக்கு ஒரு கேபின். அதில் இரண்டு மெஷின்கள். ஒன்றில் சுருள் முடியும்போதே அடுத்ததை ஓடவிட வேண்டும். ஒரு நொடி அசந்தால் திரை வெள்ளையாகிக் கீழே விசில் பறக்கும். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அவன் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். நாளைக்கு நான்கு காட்சி வீதம் பதினெட்டு வருடம் அந்த இரைச்சலில் நின்றார். காது போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிறகு தியேட்டரை மூடி டைல்ஸ் கடை ஆக்கிவிட்டார்கள். திரை இருந்த சுவரில் இப்போது குளியலறை ஓடுகளை வரிசையாக ஒட்டிவைத்திருக்கிறார்களாம். அண்ணன் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மனசு கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன். "மூணாவது வரிசை கோணலா இருக்கு. சொன்னேன், சிரிக்கிறானுங்க" என்றார்.

கோணல் அவர் கண்ணுக்குத் தப்பாது. கலைக்கூடத்தில் கீழே கண்காட்சிக் கூடம். மேலே எண்பது பேர் உட்காரும் சிறிய அரங்கு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கண்காட்சி மாறும். பழைய படங்களை இறக்கி, ஆணி பிடுங்கி, ஓட்டைகளில் பட்டி வைத்து, வெள்ளை அடித்து, புதுப் படங்களை மாட்டி, ஒவ்வொன்றின் மேலும் சரியாக விழும்படி விளக்கைத் திருப்ப வேண்டும். மற்றவர்கள் ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டியதை அண்ணன் வாசலில் நின்றே பார்த்து, "இடது பக்கம் ஒரு நூல் ஏத்துங்க" என்பார். மறுபடி மட்டம் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'ரசமட்டம்'. ஒருமுறை ஒரு சிற்பி, உடைந்த கதவு ஒன்றை வேண்டுமென்றே சாய்த்து மாட்டச் சொன்னார். அண்ணன் மாட்டினார். அந்தக் கண்காட்சி முடிகிற வரை அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை.

இதெல்லாம் அவர் ஒழுங்காகச் செய்த வேலை. ஆசையாகச் செய்த வேலை படம் போடுவதுதான். வியாழக்கிழமை என்றால் இஸ்திரி போட்ட சட்டை. மூன்று மணிக்கே ஆப்பரேட்டர் அறைக்குள் போய்விடுவார். இப்போது சுருளும் கிடையாது, இரண்டு மெஷினும் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு புரொஜெக்டர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்ட ஒரு குமிழ். பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். அவர் உட்கார மாட்டார். படம் முடிகிற வரை நின்றுகொண்டே இருப்பார். "ஆப்பரேட்டர் உக்காந்தா தூங்கிடுவான். அவன் தூங்கினா தியேட்டரே தூங்கின மாதிரி" என்பார்.

எனக்கும் அவருக்கும் நான் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு பிணக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து "அண்ணே" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இரண்டாம் தடவையும் திரும்ப மாட்டார். மூன்றாம் தடவை நான் மூச்சு வாங்க முன்னால் போய் நின்றால், "என்னம்மா, சொல்லு" என்பார், அப்போதுதான் என்னைப் பார்ப்பதுபோல. வேலை சொன்னால் தலையை ஆட்டுவார். பெரும்பாலும் செய்தும்விடுவார். சில சமயம் செய்திருக்க மாட்டார். சொன்னேனே என்று பாய்ந்தால், "மறந்துட்டேம்மா" என்று சிரிப்பார். தலைக்கனம் என்று முடிவு கட்டினேன். பெரிய தியேட்டரில் படம் ஓட்டியவர், ஒரு ஆபீஸ் பெண் சொல்லிக் கேட்பதா என்கிற எண்ணம் என்று நினைத்தேன். ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்று காவலாளியிடம், "இவர்கிட்ட சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதான்" என்றேன். காவலாளி சிரித்தார். அண்ணன் ஆணி ஓட்டைக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணி மேல் வேறு விதமான கோபம். அவர் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டர். "எங்க வீட்ல ரெண்டு ஆப்பரேட்டர், ஒரு மெஷினும் ஓடாது" என்பது அண்ணன் எல்லோரிடமும் சொல்லும் ஒரே ஜோக். அண்ணி காலையிலிருந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு "எந்த வார்டு, எந்த வார்டு" என்று கேட்டுவிட்டு, நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து நேரே இங்கே வருவார். கடைசி வரிசையில், நடக்கும் வழியை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். அதற்கு நேர் மேலே 'வெளியே' என்று எழுதிய பச்சை விளக்கு எரியும். பக்கத்து நாற்காலியிலும் யாரையும் உட்கார விட மாட்டார். அது அவருடைய பழுப்பு நிறக் கைப்பைக்கு. ஒரு தடவை எள் போட்டால் எள் விழாத கூட்டம். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மனிதருக்கு இடம் இல்லை.

"அண்ணி, முன்னாடி ஸ்டூல் போடச் சொல்றேன். நீங்க அங்க வாங்களேன்."

"இல்லம்மா, எனக்கு இங்கதான் சரிப்படும்."

"அப்ப பையையாவது மடியில வச்சுக்குங்க. ஒரு ஆள் உக்காரலாம்."

"வைக்க வேண்டிய நேரத்துல வச்சுக்குவேன்."

கைப்பைக்கு நாற்காலி கேட்கிற மகாராணி என்று முணுமுணுத்துக்கொண்டே போய், அந்தப் பெரிய மனிதருக்கு என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் கால் வலிக்க நின்றேன்.

அந்தப் பைதான் அண்ணனின் காது. ஆப்பரேட்டர் அறையின் கண்ணாடி ஜன்னல் கடைசி வரிசைக்கு மேலே இருக்கிறது. விளக்கை அணைத்த பிறகு அங்கிருந்து தெளிவாகத் தெரிகிற ஒரே இடம், பச்சை விளக்குக்குக் கீழே இருக்கிற அந்த இரண்டு நாற்காலிகள். பை அண்ணியின் மடியில் இருந்தால் சத்தம் சரி. பக்கத்து நாற்காலிக்குப் போனால் கூட்ட வேண்டும். தரைக்கு இறங்கினால் குறைக்க வேண்டும். இருட்டில் யாருடைய உதடும் தெரியாது என்பதால் "சத்தம் வருதா?" என்று ஒருவரிடமும் அண்ணன் கேட்க முடியாது. கேட்டால் பதில் புரியாது, குட்டு வெளிப்பட்டுவிடும். ஒன்பது வருடம் அவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமலேயே படம் போட்டார். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

அந்த வாரம் கீழே ஒரு புகைப்படக் கலைஞரின் கண்காட்சி. தன் குடும்பத்துச் சண்டை சச்சரவுகளையே படமாக எடுத்திருந்தார். கூடவே பதினொரு நிமிடக் குறும்படம் ஒன்றும் எடுத்து, அதை வியாழக்கிழமை மேலே திரையிடச் சொல்லியிருந்தார். ஒரு சாப்பாட்டு மேசை. சுற்றிலும் குடும்பமே உட்கார்ந்து கையை நீட்டி நீட்டிப் பேசுகிறது. ஒரு சத்தமும் வராது. பேச்சை அவரே எடுத்துவிட்டார். 'இது ஒலி இல்லாத படம் என்பதைப் படம் போடுபவரிடம் தவறாமல் தெரிவிக்கவும்' என்று கடிதத்தில் எழுதியிருந்தார். அதை அடுத்து, தகர டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றைப் பற்றிய ஆவணப்படம்.

நான் தெரிவித்தேன். தெரிவித்த லட்சணத்தைக் கேளுங்கள். புதன்கிழமை மத்தியானம் அண்ணன் ஏணி உச்சியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கீழே அவருடைய முதுகுப் பக்கம், ஒரு கையில் பசையும் ஒரு கையில் பெயர்ச் சீட்டுமாக நின்றபடி, "அண்ணே, நாளைக்கு முதல் படத்துல சத்தமே கிடையாது. அது அப்படித்தான்" என்றேன். தலை ஆடியது. விளக்கு விழுந்த விதம் பிடித்துப்போய் ஆட்டியிருக்கிறார். "சத்தமே கிடையாது, சரியா?" என்றேன். மறுபடி ஆடியது. கடமை முடிந்தது என்று சீட்டு ஒட்டப் போய்விட்டேன். நிகழ்ச்சித் தாளிலாவது அதை அச்சடித்திருக்க வேண்டும். அதை மறந்தவளும் நான்தான்.

மறுநாள் படம் ஆரம்பித்தது. திரையில் வாய்கள் அசைந்தன. அரங்கு கப்சிப் என்று இருந்தது. இது ஏதோ பெரிய கலை என்று எல்லோரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கலைஞர் முன்வரிசையில் இருந்தார். கடைசி வரிசையில் அண்ணிக்கு என்ன தெரியும்? ஆட்கள் பேசுகிறார்கள், சத்தம் வரவில்லை. பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். மேலே அண்ணன் குமிழைத் திருப்பினார். பை நகரவில்லை. இன்னும் திருப்பினார். சத்தம் ஓடினால் எரிய வேண்டிய பச்சைப் புள்ளிகள் எரியவில்லை என்பதை அவரும் பார்த்தார். எங்கோ ஒயர் விட்டிருக்கிறது என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சொருகினார். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். பை அதே நாற்காலியில் இருந்தது. வேறு எந்த ஆப்பரேட்டராக இருந்தாலும் கதவைத் திறந்துவந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அவரால் முடியாதது அது ஒன்றுதான். பதினொரு நிமிடம் முடிகிறபோது குமிழ் பத்தில் நின்றது.

அடுத்த படத்தின் முதல் காட்சியே தகரத்தின் மேல் சம்மட்டி அடி.

மொத்த அரங்கும் துள்ளி எழுந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தையின் திறந்த வாய் தெரிந்தது, அழுகை கேட்கவில்லை. இடது பக்க ஸ்பீக்கர் கிழிந்து கரகரவென்று இரைந்தது. காதைப் பொத்திக்கொண்டு எல்லோரும் திரும்பி ஆப்பரேட்டர் அறையைப் பார்த்தோம். அங்கே எரிந்த சின்ன விளக்கில் அண்ணனின் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். பச்சைப் புள்ளிகள் எரிந்துவிட்டன, ஒயர் சரியாகிவிட்டது என்கிற நிம்மதி அவருக்கு. திரைக்கு முதுகைக் காட்டி நின்ற எங்கள் முகங்கள் அவருக்கு இருட்டு. அண்ணியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அண்ணி பையைத் தரையில் வீசி அடித்தார். அது நாற்காலிக் கால்களுக்கு நடுவில் எங்கோ போய் விழுந்தது. பிறகு அவர் படியேறி ஓடினார். சத்தம் நிற்பதற்கு முக்கால் நிமிடம் ஆனது.

வெள்ளிக்கிழமை காலை கலைக்கூடத்தின் பொறுப்பாளர் மேடம் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேடம் நல்லவர், கோபம் வந்தால்கூட "தயவுசெய்து" சேர்த்துத்தான் திட்டுவார். கலைஞரின் புகார்க் கடிதம் மேசையில் இருந்தது.

"ஒலி இல்லாத படம்னு நீங்க இவர்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

நிகழ்ச்சித் தாளில் போட மறந்துவிட்டேன் என்று நான் ஆரம்பித்திருக்கலாம். பழியில் பாதி என் பக்கம் வந்திருக்கும், அதோடு போயிருக்கும். ஆனால் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில் இருந்தேன்.

"சொன்னேன் மேடம்! ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. ஏணி மேல நின்னுக்கிட்டிருந்தார், நான் பின்னாடி நின்னு சொன்னேன். ரெண்டு தடவையும் தலையை ஆட்டினார்."

அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவே இல்லை என்று அவர் சாதித்திருக்கலாம். அப்படித்தானே அவருக்குத் தெரியும்?

"மறந்துட்டேன் மேடம்" என்றார். "என் தப்புதான்."

மேடம் பெருமூச்சு விட்டார். எழுந்து, அலமாரியைத் திறந்து ஏதோ கோப்பைத் தேடினார். தேடிக்கொண்டே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கேட்டார்: "சரி, மறந்துட்டீங்க. ரெண்டாவது படம் அவ்வளவு சத்தமா ஆரம்பிச்சுதே, ஏன் உடனே குறைக்கல?"

அண்ணன் பேசவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன்."

அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு, மேடம் திரும்புவதற்காக மரியாதையாகக் காத்து நின்றார். மேடம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, அதே கேள்வியைக் கேட்டார்.

எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பாத தலை, ஆடுகிற தலை, "மறந்துட்டேம்மா" என்கிற சிரிப்பு, நான் ஊதிய சங்கு. பின்னாடி நின்று சொன்னேன் என்று நானே வாய் கிழியக் கத்தியிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் கெடுத்தது அடுத்தவரை.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமே இல்லை. "ஒன்பது வருஷமாச்சு மேடம்" என்றார். "இனிமே மறைச்சுப் பிரயோஜனமில்ல."

மேடம் தன்னால் ஆனதைச் செய்தார். டாக்டர் பரிசோதனை, அறிக்கை, கூட்டம் எல்லாம் நடந்தன. கிடங்குக்கு அனுப்பாமல் தடுத்துவிட்டார். கண்காட்சிக் கூடமும் விளக்குகளும் அண்ணனிடமே இருந்தன. ஆப்பரேட்டர் அறை மட்டும் போனது. புது ஆள் வருகிற வரை அதைப் பார்த்துக்கொள்ளும்படி எனக்கு உத்தரவு வந்தது. அடுத்தவர் வீட்டை இடித்துவிட்டு நானே அதில் குடிபோனது போல இருந்தது.

சாவியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு நோட்டையும் அண்ணன் கொடுத்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் போட்ட படத்தின் பெயர், அதற்கு எதிரே ஒரு எண். ஐந்து, ஆறு, ஐந்தரை. ஓரிடத்தில் 'இடைவேளைக்குப் பிறகு மழை, ஒன்று குறைக்கவும்' என்று இருந்தது. படத்தில் வருகிற மழையின் சத்தத்தைச் சொல்கிறார். ஒரு துளியும் அவருக்குக் கேட்டிருக்காது.

அதன் பிறகும் அண்ணன் என்னிடம் எப்போதும் போலவே பேசினார். "என்னம்மா, சொல்லு" என்றார். நான் இப்போது முன்னால் போய் நின்றுதான் பேசினேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாகப் போயிருக்கும். வியாழக்கிழமைகளில் நாலரை மணிக்கே கிளம்பிவிடுவார். சட்டையில் இஸ்திரி இல்லை. வாசல் நோட்டில் அண்ணியின் கையெழுத்து மூன்று வாரமாக இல்லை. பச்சை விளக்குக்குக் கீழே யார் யாரோ உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. சுவரில் நாள்காட்டி, கடிகாரம், கல்யாணப் போட்டோ மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தன. அண்ணி கதவைத் திறந்தார். உட்கார் என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

"மன்னிச்சுக்குங்க அண்ணி."

"மன்னிக்க என்ன இருக்கு? நீ வேணும்னு செய்யல." டீயை என் முன்னால் வைத்தார். "வேணும்னு செய்யாதவங்கதான் ஊர்ல பாதி காரியத்தைக் கெடுக்கறாங்க."

வாங்கிக்கட்டிக்கொண்டேன். அப்போதுதான் பையின் கதையை அண்ணி சொன்னார். மடி, நாற்காலி, தரை. கேட்கக் கேட்க எனக்கு அந்த மகாராணி முணுமுணுப்பு ஞாபகம் வந்தது.

"முதல் ரசிகைன்னு சொல்லுவியே, உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? ஒன்பது வருஷத்துல நான் ஒரு படமும் பார்த்ததில்ல. சத்தத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். எந்தப் படத்துல யார் செத்தா, யார் யாரைக் கட்டிக்கிட்டா, ஒண்ணும் தெரியாது. ஆறு சரி, ஏழு ஜாஸ்தி. அது மட்டும் தெரியும். நாள் முழுக்க போன் சத்தம், சாயங்காலம் இந்தச் சத்தம். வீட்டுக்கு வந்தா, அப்பாடான்னு இருக்கும். இவர்கிட்டயும் பேச வேண்டியதில்ல பாரு."

உள்ளேயிருந்து அண்ணன் வந்தார். இடது காதில் புதிதாக ஒரு கருவி. டாக்டர் கொடுத்ததாம்.

"எப்படி இருக்குண்ணே?"

"விசிறி சத்தம் கேக்குது. பாத்திரம் விழுந்தா கேக்குது. இவ பேசறதுதான் கேக்கல."

"அதுக்குக் காது காரணமில்ல. கல்யாணமான நாள்லேருந்தே அப்படித்தான்" என்றார் அண்ணி.

சிரித்தோம். சிரித்த சூட்டோடு, "வியாழக்கிழமை ரெண்டு பேரும் வாங்களேன். படம் பார்க்க" என்றேன்.

அண்ணன் கருவியைக் காதிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இருபத்தேழு வருஷமா நான் படத்தைக் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னுதான் பார்த்திருக்கேன். கீழ உக்காந்து என்ன பண்றது? அந்த ரூம்ல இன்னொரு ஆள் நிக்கறதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கணுமா?" அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

அவர் முகத்துக்கு நேரே நின்று, "திரும்பாதீங்கண்ணே. திரையைப் பாருங்க. நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். கேட்டு ஆட்டினாரா, வழக்கம்போல ஆட்டினாரா என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, நோட்டில் அண்ணியின் கையெழுத்து விழுந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, கோடு போட்டதுபோல நேராக. பச்சை விளக்குக்குக் கீழே அண்ணி தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பைக்கான நாற்காலியில் அண்ணன், இடது காதில் கருவியோடு உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நான் மேலே போய் விளக்குகளை அணைத்துப் படத்தை ஓடவிட்டேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை போட்ட படம்தான். அண்ணனின் நோட்டில் அதற்கு எதிரே ஆறு என்று இருந்தது. குமிழை ஆறில் வைத்தேன். உட்காரவில்லை.

ஐந்து நிமிடம் போயிருக்கும். அண்ணி குனிந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த பையைத் தூக்கினார். பக்கத்து நாற்காலியில் இடம் இல்லை. அதனால் அண்ணனின் மடியில் வைத்தார். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏழுக்குத் திருப்பினேன். பை அங்கேயே இருந்தது. எட்டுக்குத் திருப்பினேன். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார்கள். ஒருவர் கையைத் தாழ்த்திக் குறைக்கச் சொன்னார். எட்டரை. பை அண்ணியின் மடிக்குத் திரும்பியது. குமிழிலிருந்து கையை எடுத்தேன்.

இன்னும் சிலர் திரும்பினார்கள். மேடம்கூடத் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையைப் பார்த்ததும் மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் திரும்பவே இல்லை. படம் பார்த்துக்கொண்டிருந்தார்.